முப்பத்தைந்து வாட் கஜபதி

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் யார் கணினியைக் கெடுத்துக்கொள்வதானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கெடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கெடுத்துக்கொண்டவன் கீழ்வீட்டுக் கஜபதி ஒருவன்தான். அவனும் என்னைக் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொன்னேன்.

கஜபதி முன்பு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். முதுகுவலி வந்ததும் வண்டியை விற்றுவிட்டுக் கள்ளிக்குப்பத்தில், எங்கள் கீழ்வீட்டு முன்னறையில், கல்யாண வீடியோ கடை போட்டான். வேலை தெரிந்தவள் அவன் மனைவி ரேவதி. முதலாளி நாற்காலி அவனுக்கு.

கணினி டிபன் கேரியர் அளவுதான். உள்ளே இருந்தது முப்பத்தைந்து வாட்டுக்கு மேல் மின்சாரம் தொடாத விரதக்காரப் பிராசசர் சில்லு. கரண்ட் பில்லுக்குப் பயந்து வாங்கியது. பில் குறைந்ததும் கஜபதிக்கு வேகம் போதவில்லை. யூடியூபில் எவனோ ‘ஓவர்கிளாக்’ சொல்லிக்கொடுத்தானாம்: கணினி எழும்போதே அதன் செட்டிங்கில் நுழைந்து, சில்லின் துடிப்பையும் அது குடிக்கும் மின்சாரத்தின் வரம்பையும் ஏற்றிவிட்டால் கழுதை குதிரையாகிவிடுமாம்.

இத்தனை சின்னப் பெட்டியில் சூடு எங்கேயப்பா போகும் என்று கேட்டேன்.

“இன்னா ஆயா, படிச்ச நீயே இப்டி பேசுற. ஷேர் ஆட்டோல கம்பெனிக்காரன் மூணு பேருன்னுதான் எழுதிக்கீறான். நான் பத்து பேரை ஏத்திகினு போவலியா? தாங்கும்னு வண்டிக்கே தெரியாது. நாமதான் தெரிய வெக்கணும்.”

பூந்தமல்லி கலீலுல்லா மண்டப அலங்காரக்காரர். கஜபதிக்கு வரும் கல்யாணங்களில் பாதி அவர் வாய்வார்த்தையால் வருபவை. அவர் மகள் அதீபாவின் நிக்காஹ் முடிந்து, மறுநாள் மாலை வலீமா விருந்து. மண்டபத் திரையில் படம் ஓட வேண்டும். விருந்தன்று காலையிலேயே வந்து, ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் சொன்னார்.

“தம்பி, படம் வரலைன்னா சம்பந்தி முன்னாடி நான் தலைகாட்ட முடியாது. அப்புறம் பூந்தமல்லிப் பக்கம் நீ தலைகாட்ட முடியாது.”

ரேவதி வெட்டி ஒட்டி வைத்துவிட்டாள். அதைக் கணினி ஒரே படமாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் பாக்கி. பழைய வேகத்தில் விட்டிருந்தால் மதியத்துக்குள் முடிந்திருக்கும். கஜபதி அன்றைக்கென்று பார்த்துத் துடிப்பை ஏற்றினான். அதோடு விட்டானா? எஃப்.சி. எடுத்த ஆட்டோவுக்குப் போடுவது போல ஒரு பூஜை. பெட்டியின் முகப்பில் காற்றுப் போக வைத்திருந்த துளைகள்மீது சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, மேலே சாமந்தி மாலை சாத்தினான். எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் இல்லையே என்பதுதான் அவனுக்குக் குறை.

முதலில் பறந்தது. பால்காரரைக்கூட நிறுத்திக் காட்டினான். பிறகு உள்விசிறி அலறியது. பெட்டி தோசைக்கல்லாகிவிட்டது, நான் அதன்மேல் இரண்டு அப்பளம் சுட்டேன். சூடு பொறுக்காத சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்து, பழைய வேகத்துக்கும் கீழே தவழ்ந்து, முக்கால் படத்தில் மயங்கி விழுந்தது. கஜபதி துடிப்பை இன்னும் ஏற்றி மறுபடி கிளப்பினான். மேட்டில் திணறும் வண்டிக்கு ஆக்சிலேட்டர்தான் மருந்து என்பது அவன் வேதம். இந்தமுறை பாதியிலேயே விழுந்தது.

கலீலுல்லா போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “வந்துகினே கீறேன் பாய்” என்றான். ஷேர் ஆட்டோ நாக்கு.

கடைசியில் அவனுக்கு ஞானம் பிறந்தது. தன் கையாலேயே எல்லாவற்றையும் பழைய அளவுக்கு இறக்கினான். விரதக்காரச் சில்லு முணுமுணுக்காமல் வேலையை முடித்தது. பிரியாணி அண்டாவைத் திறக்கும் நேரத்தில் திரையில் அதீபா சிரித்தாள். கலீலுல்லாவின் வாய்வார்த்தை கைவிட்டுப் போகவில்லை. மனிதன் திருந்திவிட்டான் என்று இந்தக் கதையை எழுதி முடித்தேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேவதி வாங்கிப் படித்தாள்.

“அப்பளத்தை உடு ஆயா, எழுதிக்கோ. ஆனா அவரு எங்க இறக்குனாரு? சோறு துன்ன போனப்ப நான்தான் ஆஃப் பண்ணி, சந்தனத்தைத் தொடச்சு, எல்லாத்தையும் பழையபடி வெச்சேன். வந்தவரு சந்தனம் எங்கன்னாரு. சாமி எடுத்துகிச்சுன்னேன். நம்பிட்டாரு. தான் ஏத்துனதாலதான் படம் முடிஞ்சுதுன்னு, இப்ப கூட்டாளிங்க ரெண்டு பேரோட கம்ப்யூட்டரையும் வேகம் ஏத்தித் தரேன்னு ஊட்டுக்கு எடுத்தாந்து வெச்சிக்கீறாரு.”