வரைபடத்தில் இருந்த வழி

இணையத்தில் கிடைத்த பழைய சர்வே வரைபடத்தை இப்போது இருக்கும் வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து ஊர்க்கிணற்றுக்குப் புள்ளிக்கோடாக ஒரு வழி போனது. பார்த்ததும் வெட்டிப்போட்ட கருவேல முள்ளின் பச்சை வாடை மூக்கில் ஏறியது.

எனக்கு எட்டு வயதில் பெரியப்பா அந்த வழியில் முள்வேலி போட்டார். குடத்தோடு நின்ற அம்மாவிடம், "இங்க எந்தக் காலத்துல வழி இருந்துச்சு? சுத்திப் போ" என்றார். அம்மா சாகும்வரை சுற்றித்தான் போனாள்.

மறுநாளே படத்தை அச்செடுத்து அவர் முன் விரித்தேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"வழி இருந்துச்சுனு எனக்கு அப்பவே தெரியும்மா."

தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் மனதைத் தேற்றியிருந்தேன். பெரியம்மா வைத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.