அணைக்காமல் மீண்ட பட்டியல்

எங்கள் ஊர்காவற்றுறைச் சங்க அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லாததால் ஜெனரேற்றரில்தான் அதை ஓட்டினோம். அன்று காலையிலிருந்து, அனலைதீவில் நிவாரண அரிசி பெறும் குடும்பங்களின் பெயர்களைத் தட்டினேன். பட்டியல் இல்லாமல் களஞ்சியத்தில் அரிசி தரமாட்டார்கள். அரிசியை ஏற்றிப்போகும் வள்ளம் இரண்டு மணிக்குப் புறப்படும்.

கடைசிப் பெயரைத் தட்டி, அச்சிடக் கட்டளை கொடுத்ததும் திரை அப்படியே நின்றுவிட்டது. எந்த விசையை அழுத்தினாலும் ‘பீப்’ என்றது. பெயர்களை நான் ஒருமுறைகூட டிஸ்கில் பதிந்து வைக்கவில்லை.

ஜெனரேற்றரைப் பார்க்கும் அந்தோனியண்ணை எட்டிப் பார்த்தார். “ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ, தங்கச்சி. எண்ணெயும் அரை மணித்தியாலத்துக்குத்தான் காணும்.”

“ஏலாது அண்ணை. நிப்பாட்டினால் எல்லாம் அழிஞ்சுபோம்.”

நிறுத்தவும் முடியாது, காத்திருக்கவும் நேரமில்லை. கதிரையோடு கட்டிப்போட்டது போல இருந்தேன். விரல் சுவிச் வரை போய்ப் போய்த் திரும்பியது.

அண்ணை தலையைச் சொறிந்தார். “எண்ணெய் மிச்சம் பிடிக்கவெண்டு அந்த அச்சு மெசினைக் காலமை நான்தான் நிப்பாட்டினனான். அதாலயோ தெரியாது.”

உப்புக்காற்றுப் படாமல் அவர் அச்சு மெசின்மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தேன். மெசினில் விளக்கு எரியவில்லை. மெசினின் சுவிச்சைப் போட்டதும் அது கீச்சிட்டுக்கொண்டு முதல் பெயரை அடித்தது, திரையும் அசைந்தது.

இப்போது பத்துப் பெயருக்கு ஒருமுறை பதிகிறேன். கொம்பியூட்டர் நின்றால், சுவிச்சில் கை வைக்குமுன் ஒன்றுதான் கேட்கிறேன்: “அண்ணை, எதை நிப்பாட்டினீங்கள்?”