ஏவுகணையின் கண்

கூலிம் நகரிலிருந்து பண்டார் பாரு ஊருக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். தோளில் இருந்த பையில் மாற்றுத்துணி மட்டும். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில், ஒரு சில்லுத் தொழிற்சாலையில், அன்று காலைதான் வேலை போயிருந்தது.

அங்கே நாங்கள் செய்தது ஏவுகணையின் கண். எதிரி ஏவுகணையை வானத்திலேயே தேடிப் போய் இடிக்கிற ஏவுகணை அது. வெப்பத்தை வைத்துக் குறியைக் கண்டுபிடிக்கும் சில்லு அதன் மூக்கில் உட்காரும். எந்த நாட்டுக்குப் போகிறது என்று யாரும் சொன்னதில்லை. பழைய கண்ணைப் போலிக் குறிகள் ஏமாற்றிவிடுமாம். புதியது ஏமாறாது. ஆனால் அதற்குத் தூசி ஆகாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. முகத்தில் பவுடர்கூடக் கூடாது.

என் வரிசையில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் படிப்பது அவர் சம்பளத்தில். தோட்டத்தில் டிராக்டருக்குப் பூசுவதுபோல, ஆயுத பூசையன்று தன் இயந்திரத்தின் அடியில் விரலால் திருநீறு பூசிவிடுவார். பழைய மாடல் ஓடிய வருடங்களில் அது யாருக்கும் தெரியாமலே போனது. இந்த வருடம் பூசிவிட்டு வேலை தொடங்கியதும், தூசி கண்டால் அடிக்கும் எச்சரிக்கை மணி அடித்தது. அந்தத் தட்டிலிருந்த சில்லுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

சூப்பர்வைசரும் தமிழர்தான். குனிந்து பார்த்தார்.

"யாரு பூசுனது? இது என்ன கோயிலா?"

அக்கா எழுந்திருக்கப் பார்த்தார்.

"நான்தாண்ணே," என்றேன்.

"டேய், நீ சாமி கும்பிட்டு நான் பார்த்ததே இல்லயேடா!"

"இன்னைக்குத்தாண்ணே ஆரம்பிச்சேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் வேலை அட்டையைக் கழற்றித் தரச் சொன்னார்.

உடை மாற்றும் இடத்துக்கு அக்கா பின்னாலேயே வந்தார்.

"ஏன் தம்பி இப்படிச் செஞ்ச?"

"எனக்கு வேலை மாறுறது பஸ் மாறுற மாதிரிலா. விடுங்கக்கா."

"எனக்குச் சம்பளம் கூடணும்னா திருநீறு வச்சேன்? இந்தக் கண்ணு குறி தப்பிப் போச்சுன்னா கீழ இருக்கிற பிள்ளைங்க என்ன ஆகும்? அதுக்குத்தான் வச்சேன்." தலையுறையைக் கழற்றினார். "எதிர்ல வர்ற ஏவுகணைக்கும் எங்கயோ ஒருத்தி உட்கார்ந்து கண்ணு செய்யுறாள்ல. அவ என்னத்த வேண்டிக்குவா?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பாதி வழியில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. சாயங்காலம் பண்டார் பாருவில் இறங்கியபோது அக்கா போன் செய்தார்.

"என்னை நிறுத்தல தம்பி, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. நெத்தித் திருநீறக் கழுவிட்டு வரணுமாம்."

"கழுவிட்டுப் போங்கக்கா."

"சரி," என்றார். அவரே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்ற ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன்.