திறக்காத மூன்று துளைகள்

மாகறல் திலகாவுக்கு உலோகத்தில் துளை போடுவதுதான் பதினோரு வருஷ வேலை. நாற்று நடப் போன அம்மாவின் கூலியில் ஐ.டி.ஐ. முடித்தவள். உத்திரமேரூர் ரோட்டுப் பட்டறையில் அவள் போட்ட துளையை முதலாளி முனிரத்தினம் மறுபடி பார்ப்பதில்லை.

சென்னையில் ஆராய்ச்சி செய்யும் சுகிர்தா ஒரு வேலை கொடுத்திருந்தாள். ஒலியைவிட வேகமாகக் காற்று பாயும் எஞ்சின் மாதிரிக்கு உள்ளங்கை அளவு உலோகத் துண்டு. அதில் சாய்வாகப் பதினெட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். அவற்றின் வழியே ஹைட்ரஜன் பீறிட்டு, காற்றோடு கலந்து, எரிந்து வெளியேற வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குதான் அதற்கு அவகாசம்.

துண்டை வாங்கிப்போன இரண்டு மாதம் கழித்து, புது வரைபடத்தோடு சுகிர்தா வந்தாள். ஐந்து சோதனையிலும் நெருப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி அணைந்துவிட்டதாம். தன் இரண்டு வருஷக் கணக்கே தப்பு என்றாள். பழைய துண்டை மேஜைமேல் வைத்தாள்.

திலகா அதைச் சும்மாதான் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். ஓரத்தில் அடுத்தடுத்த மூன்று துளைகள் உள்ளே திறக்கவேயில்லை. வாயு மொத்தமும் மற்றத் துளைகளில் பாய்ந்ததால் வாயுவை அளக்கும் மானி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பக்கக் காற்றில் மட்டும் எரிபொருள் கலக்கவேயில்லை.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"மேடம், இந்த மூணு ஓட்டைக்கும் நான் கம்பி வுட்டுப் பாக்கல. பஸ்ஸு போயிடும்னு கெளம்பிட்டேன்."

சுகிர்தா தானும் லென்ஸில் குனிந்து பார்த்தாள். இதை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"உங்க கணக்கு தப்புன்னு நீங்களே சொல்லிக்கினு கீறீங்களே மேடம். எப்டி சும்மா இருக்கறது?"

முனிரத்தினம் திட்டவில்லை. ஆனால் அன்றைக்கே மெஷினை வேறு ஆளிடம் கொடுத்தார். சுகிர்தாதான், பழைய வரைபடப்படியே செய்யும் புதுத் துண்டையும் திலகாவே செய்யட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பதினெட்டுத் துளைக்கும் மும்மூன்று முறை கம்பி விட்டுப் பார்த்தாள் திலகா.

அடுத்த சோதனையின் வீடியோ மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்தது. நீல நெருப்பு நான்கு வினாடி அசையாமல் நின்றது. முனிரத்தினம் இரண்டு முறை பார்த்துவிட்டு, சாயங்காலத்திலிருந்து மெஷினுக்கு வா என்றார். தன் மூன்று துளையால் சுகிர்தாவின் இரண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போக இருந்ததே என்ற திகில் திலகாவை விடவேயில்லை.