முன்னால் அறுவடை மெஷின், உள்ளே ஃபார்முலா ஒன்

திருவாரூரில் ரயிலைப் பிடிக்க இன்று காலை நன்னிலத்தில் பஸ் ஏறினேன். உலகத்திலேயே பெரிய ரேஸ் டிரைவர் யார் என்று டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அப்போதே வாக்குவாதம் முற்றியிருந்தது.

"ஃபார்முலா ஒன் ஓட்டுறவன்தாண்ணே. வளைவுல அந்த வேகம் வேற யாருக்கு வரும்?" என்றார் கண்டக்டர்.

"வழவழன்னு ரோடு போட்டுக் குடுத்தா யாரு வேணா ஓட்டலாம். ராலி ரேஸ்காரன் சேத்துலயும் மணல்லயும் ஓட்டுறான்யா!" என்றார் டிரைவர், முழுசாகப் பின்னால் திரும்பி.

முன்னால் அறுவடை மெஷின் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்ததால் முந்த வழியில்லை. பொறுத்துக்கொண்டேன்.

மெஷின் வயலில் இறங்கிவிட்டது. ரோடு காலி.

பஸ் மட்டும் அதே வேகத்தில் போனது. டிரைவர் இன்னும் பாலைவன ரேஸைச் சொல்லி முடிக்கவில்லை.

"அண்ணே, ரயிலுக்குப் போகணும். கொஞ்சம் அழுத்துங்க."

"இருங்க சார். வேகமா போறது மட்டும் திறமை இல்ல."

ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது என் ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது பார்த்து கண்டக்டர் கேட்கிறார்: "நீங்களே சொல்லுங்க சார், யாரு பெரிய டிரைவர்?"

கையை நீட்டிக் காட்டினேன்.

"அதோ, சொன்ன நேரத்துக்கு எடுத்துட்டுப் போறாரே, அவரு."

நீங்கள் எந்தக் கட்சி? கீழே எழுதுங்கள். அடுத்த ரயில் வரும்வரை எல்லாவற்றையும் நிதானமாகப் படிக்கிறேன்.