ரூலஃபியன் வீட்டு ரேடியோவும் ஊளைச் சத்தமும்

தெருவில் எந்த ரேடியோ ஊளையிட்டாலும் பழி ரூலஃபியன் தலையில்தான் விழும். சலவைக்காரி, எங்கோ டிரெந்தே பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், போதாக்குறைக்குக் கோக்கோ டப்பாமேல் கம்பி சுற்றித் தன் ரேடியோவைத் தானே செய்துகொண்டவள். எங்கள் ஸ்கீடாம் ஊர்க்காரர்களுக்கு இது போதாதா?

1924இல் ரேடியோக்களுக்கு ஒரு கோளாறு உண்டு. சத்தம் கூடட்டுமே என்று குமிழை அளவுக்கு மீறித் திருகினால், பெட்டி தானே ஒலிபரப்பத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் ஊளை கேட்கும். திருகியவருக்கோ அது வேறு யார் வீட்டிலிருந்தோ வருவதாகத் தோன்றும். அதனால் எல்லாரும் எல்லாரையும் முறைத்துக்கொண்டு திரிந்தோம். ரொட்டிக் கடையில்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ரூலஃபியனின் கணவன் ஹார்ம் நெஞ்சு நோயில் படுத்த படுக்கை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிதான் அவனுக்கிருந்த ஒரே சந்தோஷம். அதையும் ஊளை பாதியில் கெடுத்துவிடும்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், அதே தெருவில் இருக்கும் வான் ஸ்ட்ரீன்தான் ரேடியோ சங்கத்துக்கும் தலைவர். ரூலஃபியன் கூரையில் கட்டியிருந்த ஏரியல் கம்பியை அறுத்தெறிவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி போனால் ஹார்முக்குக் கச்சேரியும் போச்சு. எனக்கு அந்த மனிதர்மேலேயே சந்தேகம். ஆனால் வாடகைக்கு இருப்பவள் வாயைத் திறக்க முடியுமா?

ஒரு ஞாயிறு மாலை, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று கம்பி வெட்டும் குறட்டோடு ரூலஃபியன் இருந்த மாடிக்கு ஏறினார். கீழ்வீட்டுக்காரி என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார்.

"சத்தம் வரட்டும், கம்பிய அறுத்துட்டுத்தான் இறங்குவேன்" என்றார்.

ரூலஃபியன் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று காதில் மாட்டிக் கேட்கும் கருவியைப் பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்தாள். ஹார்ம் வான் ஸ்ட்ரீன் கையிலிருந்த குறட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

பியானோ முடிந்து வயலினும் வந்துவிட்டது. ஊளையைக் காணோம். வான் ஸ்ட்ரீன் கண்கொத்திப் பாம்பாக அவள் விரல்களைக் கவனித்தார்.

"நான் இருக்கேன்னு அடக்கி வாசிக்கிறா" என்றார் என்னிடம். பிறகு அவளிடம் திரும்பினார். "இவ்வளவு மெல்லமா வச்சா யாருக்குக் கேக்கும்? தள்ளு. எங்க வீட்ல நான் எப்பவும் இப்படித்தான் வைப்பேன்."

குமிழை அவரே திருகினார். கிண்ணத்திலிருந்து ஊளை கிளம்பியது. வாராவாரம் நாங்கள் கேட்ட அதே ஊளை.

ரூலஃபியன் அவர் கையை விலக்கிக் குமிழைப் பின்னால் திருப்பினாள். வயலின் திரும்பி வந்தது.

"எப்பவுமே இப்படித்தான் வைப்பீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. குறடு சட்டைப்பைக்குள் போனது.

ஹார்ம் படுக்கையிலிருந்தே சொன்னான்: "இனிமே ஞாயித்துக்கிழமையானா இங்கயே வந்துடுங்க ஐயா. கச்சேரிய ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்டுட்டுப் போறேன்."