நான்கு விசில் மண்ணும் ஒரு மகிழங்கன்றும்

எங்கள் மகிழங்கன்று ஐந்து மாதமாக நான்கு இலையோடு அப்படியே நின்றுவிட்டது. அதற்காகத்தான் போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போய் வந்தோம். ஐந்து கிலோமீட்டரெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். நான்கு வயது மகளையும் ஒரு தொட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய்ப் பாருங்கள்.

யாழினி எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். அவள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த இருபத்து மூன்று நாளும் அவள் அப்பா நின்றது ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மகிழ மரத்தடியில். அந்த மரம் இப்போது இல்லை. வெட்டுவதற்கு முன் பொறுக்கி வந்த விதைகளில் மிஞ்சியது இந்த ஒரு கன்றுதான்.

காலை 9.10க்கு லஸ் கார்னரில் ஆட்டோ. நூற்று நாற்பது ரூபாய். "பள்ளத்துல மெதுவா அண்ணா" என்று மூன்றாவது முறை சொன்னபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாமா, பாப்பாக்கு உடம்பு சரியில்லியா?"

"செடிக்குத்தான் அங்கிள்," என்றாள் யாழினி.

"அப்ப ஆம்புலன்ஸ் வாடகை ஆவும், பரவால்லியா?"

9.35க்கு நர்சரி. அங்கே கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வியக்கா, தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்ணோடு கையில் வாங்கினார். நான் இரண்டு கையையும் அடியில் ஏந்தினேன். அவர் மண்ணை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மண்ணு இது? வாசமே இல்ல."

சொல்ல வேண்டியதாயிற்று. கிருமி இருக்குமே என்று, நடுவதற்கு முன் மண்ணைக் குக்கரில் வைத்து நான்கு விசில் விட்டிருந்தேன். பால் பாட்டிலை வேகவைத்துப் பழகிய கை.

"நாலு விசிலா! அய்யே, தாளிக்கலியா?" கண்ணில் நீர் வரச் சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பயப்படாதமா, உசுரோடதான் கீது. பட்டினி கெடக்குது, அவ்ளோதான்."

மண்ணில் ஒருவகைப் பூஞ்சை உண்டாம். வேருக்குள் புகுந்து, வெளியே நூல்நூலாகப் பரவி, வேர் எட்டாத இடத்திலிருந்து சத்தைக் கொண்டுவந்து தரும். பதிலுக்குச் செடி தன் சர்க்கரையில் பங்கு கொடுக்கும். கிருமியோடு சேர்த்து அதையும் வேகவைத்திருக்கிறேன்.

புது மண்ணில் குழி எடுத்து, வேரில் படும்படி இரண்டு ஸ்பூன் வேர்ப்பூஞ்சைத் தூள் போட்டார். பிறகு மூலையில் நின்ற பெரிய மகிழ மரத்தைக் காட்டினார். "அதுங்கீழ ஒரு பிடி மண்ணு எடுத்துனு வா பாப்பா. அதுலயும் இருக்கும்."

யாழினி ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். "தொடலாமாம்மா?"

என் கை ஏற்கெனவே பைக்குள் சானிடைசரைத் தேடிக்கொண்டிருந்தது. மண்ணைத் தொட அனுமதி கேட்கும் குழந்தையாக அவளை வளர்த்திருக்கிறேன்.

"தொடுடா," என்றேன். இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டு அள்ளினாள்.

முதல் ஆறு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. தினமும் காலையில் "வளந்துச்சா?" என்பாள். ஏழாவது வாரம் ஐந்தாவது இலை வந்தது. இப்போது ஒன்பது. புது மண்ணும் காரணமாக இருக்கலாம், தெரியாது.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தூளை 'வேம்' என்று கேட்டால் தருவார்கள். அரைக் கிலோ எண்பது ரூபாய். பாக்கெட்டில் தேதி பாருங்கள். மேலே தூவாதீர்கள், வேரில் பட வேண்டும். கொஞ்ச நாளைக்குப் பூஞ்சைக்கொல்லி வேண்டாம். குழந்தையோடு போனால் ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், கை கழுவ. கையைக் கழுவினால் போதும், மண்ணைக் கழுவ வேண்டியதில்லை.